காமாக்ஷி அம்மாள் இரண்டு நிமிடம் ஆறு நொடி குறைந்த விவகாரம்

பெயர் ஜொவிட்டா, வயது 37, க/பெ. ஆம்ப்ரோஸ், பழைய எண் 14, புதிய எண் 31, ரோசரி சர்ச் சாலைப் பின்சந்து, சாந்தோம், சென்னை-4. தொழில் கம்ப்யூட்டர் பழுது பார்த்தல். 7-7-1998 செவ்வாய்க்கிழமை பிற்பகல் 2.30 மணிக்கு உதவி ஆய்வாளர் திரு. ஜவஹர் அவர்கள் விசாரிக்க, நிலைய எழுத்தர் ஏட்டு திரு. குலாம் முகம்மது அவர்கள் எழுத, நான் யாருடைய தூண்டுதலும் இல்லாமல் கொடுக்கும் வாக்குமூலம் என்னவென்றால்:

நான் மேற்கண்ட முகவரியில் கணவருடனும் மாமியாருடனும் குடியிருந்து வருகிறேன். கணவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். நான் அடையாறில் ஹார்டுவேர் படித்து முடித்து, ஆறு வருடமாக வீட்டு முன்னறையிலும் அழைப்பவர்கள் வீட்டுக்குப் போயும் கம்ப்யூட்டர் சரிசெய்து வருகிறேன். என் மீது இதற்கு முன் எந்த வழக்கும் கிடையாது. ஒரு முறை பஸ் கண்டக்டரோடு சண்டை வந்து பஸ்ஸே போலீஸ் ஸ்டேஷன் வரை போனது, ஆனால் வழக்காகவில்லை. அது இங்கே தேவையில்லை என்று ஏட்டு அவர்கள் சொன்னார்கள். பிறகு வேறு யாராவது வந்து சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

மயிலாப்பூர், சித்திரக்குளம் அருகே குடியிருக்கும் திரு. சுப்பராமன், வயது 64, ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி என்பவர் நேற்று மாலை கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அதில், அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த அவருடைய மனைவி காமாக்ஷி அம்மாளை நான் இரண்டு நிமிடம் ஆறு நொடி அளவுக்குக் களவாடிவிட்டதாகக் கண்டிருக்கிறது. மேற்படி காமாக்ஷி அம்மாள் உயிரோடும் சுகத்தோடும் அமெரிக்காவில் நியூஜெர்சியில் மகன் வீட்டில் இருக்கிறார். மருமகளின் பிரசவத்துக்கு என்று சென்ற நவம்பரில் ஆறு மாதத்துக்குப் போனவர், குழந்தைக்குத் தலை நிற்கட்டும், குப்புற விழட்டும் என்று இன்னும் ஆறு மாதம் நீட்டித்திருக்கிறார். களவு போனதாகச் சொல்லப்படுவது வீடியோவில் இருக்கும் காமாக்ஷி அம்மாள். இதை நான் முதலிலேயே தெளிவாகச் சொல்லக் காரணம், இன்று காலை என்னை அழைக்க வந்த காவலர் தெருவில் நின்று, ஒரு பெரிய அம்மாவைக் காணோம், இந்த வீட்டு அம்மா மேல் புகார் என்று சொல்லிவிட்டார். என் மாமியார் ஜெபமாலையை எடுத்தவர் இன்னும் கீழே வைக்கவில்லை.

5-7-1998 ஞாயிறன்று திருப்பலி முடிந்து நான் வீட்டுக்கு வந்ததும் மேற்படி சுப்பராமன் போன் செய்தார். தம்முடைய கம்ப்யூட்டர் நகர மாட்டேன் என்கிறது என்றார். "கார்த்தால பட்டனைத் தட்டிட்டு, ஸ்நானம் பண்ணி, சந்தியாவந்தனம் முடிச்சுண்டு வந்து பார்த்தா, அது இன்னும் எழுந்துக்கவே இல்லைம்மா. லெட்டர் ஒண்ணு அடிக்கறதுக்குள்ள விஷயமே மறந்துபோறது" என்றார். மறுநாள் திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது ராகுகாலம், அது கழிந்து வரவும் என்றார். அதன் பின்பு நான் 6-7-1998 அன்று காலை ஒன்பதரைக்கு அவர் வீட்டுக்குப் போனேன்.

கம்ப்யூட்டர் கூடத்தில் இருந்தது. பழைய பட்டு அங்கவஸ்திரம் ஒன்றைப் போர்த்தி, திரையின் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். அது அவர் மகன் ஸ்ரீகிருஷ்ணா அமெரிக்கா போகும்போது விட்டுச்சென்ற 486 ரகம், மெமரி எட்டு எம்.பி. மட்டுமே. திறந்து பார்த்தபோது டிஸ்கில் கடுகு வைக்க இடமில்லை. அத்தனையும் வீடியோ. 1996-ல் நடந்த மகன் கல்யாணத்தின் கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டதால், தி.நகரில் ஒரு கடையில் கொடுத்து, தப்பித்த பகுதிகளைப் பத்தொன்பது துண்டுகளாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். ஏற்றியதில் சத்தம் பதிவாகவில்லை. அதையும் சரிசெய்ய வேண்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்மா. சத்தம் நேக்குத் தெரியும். முப்பத்திமூணு வருஷமா கேட்டுண்டிருக்கேனே" என்றார்.

பத்தொன்பது துண்டுகளுக்கு டிஸ்க் நிரம்ப வேண்டியதில்லை. ஆனால் அவர் ஒவ்வொன்றையும் அசல், அலுவலக நகல், உபரி நகல் என்று மூன்று மூன்றாக வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். எந்தக் கோப்பும் மூன்று பிரதி இல்லாமல் தம் மேஜையைத் தாண்டியதில்லை என்றார். மூன்று பிரதியும் ஒரே டிஸ்கில் இருந்தால் டிஸ்க் போகும்போது மூன்றும் சேர்ந்துதான் போகும் என்று சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

எந்திரம் நகராததற்கு இன்னொரு காரணம் கோடெக். கோடெக் என்றால் என்ன என்று இந்த இடத்தில் உதவி ஆய்வாளர் அவர்கள் கேட்டார்கள். வீடியோவை அப்படியே வைத்தால் எந்த டிஸ்கும் போதாது, அதனால் அப்பளம் போலத் தட்டி உலர்த்திச் சின்னதாக அடுக்கி வைக்கிறார்கள், பார்க்கும்போது பொரித்தெடுக்க வேண்டும், தட்டுவதற்கும் பொரிப்பதற்கும் உள்ள வித்தைக்குத்தான் கோடெக் என்று பெயர் என்று சொன்னேன். சுப்பராமன் வீட்டில் இருந்தது பழைய கோடெக், அடுப்பும் சின்னது. போதாததற்கு, படம் பின்தங்கினால் நடுவில் உள்ள சில கட்டங்களை, அதாவது பிரேம்களை, விட்டுவிட்டு ஓடு என்று ஒரு அமைப்பு உண்டு, அது அணைக்கப்பட்டிருந்தது. சத்தம் இருந்தால் அதைப் பிடிக்கவாவது படம் ஓடியிருக்கும். சத்தமும் இல்லை. ஆகவே எந்திரம் ஒரு கட்டத்தையும் விடாமல் ஒவ்வொன்றாகப் பொரித்துப் பொரித்துப் போட்டுக்கொண்டிருந்தது.

அதன் பின்பு நான் அவரிடம் அனுமதி கேட்டு நகல்களை நீக்கினேன். நீக்கிய முப்பத்தெட்டு கோப்புகளின் பெயரையும் தாளில் எழுதி நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகே அனுமதித்தார். அந்தத் தாளை அவர் இன்று காலை தாக்கல் செய்திருக்கிறார். அதன் பின்பு ரிச்சி தெருக் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பதினாறு எம்.பி. மெமரியைச் சொருகி, புதிய கோடெக் ஏற்றி, மேற்படி அமைப்பைப் போட்டுவிட்டு, மாப்பிள்ளை அழைப்பு என்ற துண்டை ஓட்டிக் காட்டினேன். பாண்டுக்காரர்களின் கை நிஜத்தில் ஆடுகிற வேகத்தில் ஆடியது. சுப்பராமன் காபி டம்ளரோடு சமையலறையிலிருந்து வந்து பார்த்து, "பேஷ், ஜெட்டு மாதிரின்னா போறது!" என்று சந்தோஷப்பட்டார். எனக்கும் காபி கொடுத்தார். காபி நன்றாக இருந்தது. அவரே போட்டதாகவும், எட்டு மாதத்தில் கற்றுக்கொண்டதாகவும் சொன்னார். ஒரு மணிக்கு நான் வீடு திரும்பினேன்.

அன்று மாலை நாலேகாலுக்கு அவர் மறுபடி போன் செய்தார். "காமாக்ஷியைக் காணோம்மா" என்றார். நான் நகலோடு அசலையும் அழித்துவிட்டேனோ என்று எண்ணினேன். ஆறு வருடத்தில் ஒருவருடைய கோப்பையும் நான் தொலைத்தது கிடையாது. உடனே ஆட்டோ பிடித்து நாலே முக்காலுக்கு அங்கே போனேன். பார்த்தால் பத்தொன்பது துண்டுகளும் இருந்தன. பதினோராவது துண்டை அவர் ஓட்டச் சொன்னார், ஓட்டினேன். அதில் பந்தி நடக்கும் கூடத்தில் அரக்குக் கலர் மடிசாரில் ஒரு அம்மாள் காபி டம்ளரோடு வருகிறார். நடுவழியில் நின்ற வீடியோகாரரைக் கையால் ஒதுக்குகிறார். வாசல் வரை போய், நிலைப்படியில் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு மறைகிறார். மொத்தம் பதினாலு நொடி. அவர்தான் காமாக்ஷி அம்மாள் என்று சுப்பராமன் சொன்னார்.

இருக்கிறாரே சார் என்றேன். இல்லை, குறைகிறாள் என்றார். அதன் பின்பு ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். சென்ற டிசம்பரிலிருந்து ஒவ்வொரு நாளும் தேதி போட்டு, மாலை 4.10, துண்டு 11, இரண்டு நிமிடம் இருபது நொடி, சரிபார்க்கப்பட்டது என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டிருந்தார். நேற்றைய தேதியில் மட்டும் பதினாலு நொடி என்றும், குறைவு இரண்டு நிமிடம் ஆறு நொடி என்றும் சிவப்பு மையில் இருந்தது. படம் எப்போதும் பதினாலு நொடிதான், எந்திரம்தான் இத்தனை நாள் இழுத்துக்கொண்டு கிடந்தது, இப்போது உள்ளபடி ஓடுகிறது என்று நான் மூன்று தரம் விளக்கினேன். அவர் மூன்று தரமும் கேட்டுக்கொண்டு, "திரும்பிப் பார்ப்பாளே, அது மட்டும் எட்டு செகண்ட் நிக்கும்மா. இப்போ கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடறா. மீதியை என்ன பண்ணினேள்?" என்றே கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது என்பதை நான் மறைக்கவில்லை. ராகுகாலம் பார்த்து வரச் சொல்லி, முப்பத்தெட்டுப் பெயரை என்னிடம் எழுதி வாங்கி, வேகமாக ஓடவில்லை என்று அழைத்துவிட்டு, வேகமாக ஓடுகிறது என்று திருட்டுப்பட்டம் கட்டினால் யாருக்கும் வரும். "உங்க வீட்டம்மா நிஜத்துல இப்படி ஆமை மாதிரியா சார் நடப்பாங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல குறைவைப் பார்த்துட்டு நான் சும்மா இருந்ததில்லை" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இந்த நிலையத்துக்கு வந்துவிட்டார். நான் பின்னாலேயே வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

இன்று காலை பத்து மணிக்கு அழைக்கப்பட்டு ஆஜரானேன். உதவி ஆய்வாளர் அவர்கள், களவு போன இடத்தைப் பார்க்காமல் எப்படி விசாரிப்பது என்று கம்ப்யூட்டரையே நிலையத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். சித்திரக்குளம் ஆட்டோ ஸ்டாண்டு சேட்டு என்பவர் ஆட்டோவில் ஏற்ற, மடியில் திரையோடு சுப்பராமனும், மடியில் பெட்டியோடு நானுமாக, ஒருவரோடு ஒருவர் பேசாமல் வந்தோம். சேட்டு வழிநெடுக, "இன்னாம்மா, டிவிய ஸ்டேஷனுக்கு இட்டுக்கினு போற? இன்னா பண்ணுச்சு அது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். இறக்கிவிட்டு அவர் போகவும் இல்லை.

அதன் பின்பு எழுத்தர் மேஜையில் இருந்த டைப்ரைட்டரை நகர்த்தி வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரை இணைத்தேன். பதினோராவது துண்டை ஓட்டினேன். உதவி ஆய்வாளர் அவர்கள் தம் கைக்கடிகாரத்தில் பார்த்துப் பதினாலு நொடி என்று அறிவித்தார்கள். மறுபடி ஓட்டினேன், பதினாலு நொடி. அதற்குள் பணியில் இருந்த காவலர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். சைக்கிள் திருட்டு சம்பந்தமாக மூலையில் உட்கார வைக்கப்பட்டிருந்த ஒருவரும் எழுந்து நின்று பார்த்தார். "அந்தம்மா கடைசில திரும்புது சார். டக்குனு பூடுது" என்று சாட்சி சொன்னார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

மெதுவாக ஓட்டுவதற்குப் பொத்தான் இருக்கிறதா என்று உதவி ஆய்வாளர் அவர்கள் கேட்டார்கள். இந்த எந்திரத்தில் உள்ள நிரலில் கிடையாது என்றேன். அதன் பின்பு அவர்கள் ஒரு தாளில் பெருக்கிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து, "சார், பதினாலு செகண்டு. பத்து தடவை போட்டா நூத்தி நாப்பது. ரெண்டு நிமிஷம் இருபது. கணக்கு நேராயிடுச்சுல்ல? வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் டெய்லி பத்து தடவை போட்டுப் பாருங்க" என்றார்கள். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கும் பட்டது. நான் ஒயரைக் கழற்றக் கையை நீட்டினேன்.

சுப்பராமன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பத்து தடவை போட்டா பத்து தடவை போயிடறாளே சார்" என்றார்.

நான் நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். அவரே மேலும் சொன்னார். "நாலு பத்துக்குக் காபி கொண்டு வருவா. நான் பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்கினதே இல்லை. கையை நீட்டினா டம்ளர் இருக்கும், அவ இருக்க மாட்டா. ஐ.எஸ்.டி.ல கூப்ட்டா ரெண்டு வார்த்தைக்குள்ள குழந்தை அழறதுன்னு வெச்சுடறா. இந்த மிஷின்லதான் சார் அவளை நின்னு பார்த்தேன்." ஏட்டு அவர்கள் இதையும் எழுதவா என்று கேட்டார்கள். எழுதுங்கள் என்று உதவி ஆய்வாளர் அவர்கள் சொன்னார்கள்.

எனக்கு அப்போது கோபம் முழுக்கப் போய்விட்டது. முந்தின நாள் ஆமை என்று சொன்னதை நினைத்து வெட்கமாக இருந்தது. அதன் பின்பு நான், எந்திரத்தைப் பழையபடி கெடுத்துத் தருகிறேன், ஒரு மணி நேரம் கொடுங்கள் என்றேன். இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா என்று ஏட்டு அவர்கள் கேட்டார்கள். சொத்தின் உரிமையாளர் சம்மதித்தால் உண்டு என்று உதவி ஆய்வாளர் அவர்கள் சொல்ல, சுப்பராமன் சம்மதித்தார்.

எந்திரத்தை வேகமாக்க நான் படித்திருக்கிறேன். மெதுவாக்க எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதலில் பதினாறு எம்.பி. மெமரியைக் கழற்றிப் பையில் போட்டேன். கட்டங்களைத் தாண்டும் அமைப்பை அணைத்தேன். ஓட்டிப் பார்த்ததில் ஐம்பது நொடி வந்தது. போதாது என்று காவலர்கள் சொன்னார்கள். அதன் பின்பு புதிய கோடெக்கை நீக்கி, பையில் பிளாப்பியில் எடுத்து வைத்திருந்த பழைய கோடெக்கை ஏற்றினேன். ஒரு நிமிடம் நாற்பது. இன்னும் நாற்பது நொடி எங்கே போயிற்று என்று எனக்கே புரியவில்லை. யோசித்துக்கொண்டிருந்தபோது சுப்பராமன் தயங்கித் தயங்கி, "நகல் எல்லாம் எடுத்துட்டேளே" என்றார். அவர் சொன்னது சரி. டிஸ்க் நிரம்பி மூச்சு முட்டினால்தான் அந்த எந்திரம் அந்த நடை நடக்கும். பத்தொன்பதுக்கும் அலுவலக நகல், உபரி நகல் என்று முப்பத்தெட்டு பிரதி மறுபடி எடுத்தேன். அது முடிவதற்குள் எல்லோருக்கும் டீ வந்து, குடித்து, கிளாஸைத் திரும்ப எடுத்துப் போனார்கள். உதவி ஆய்வாளர் அவர்களைப் பந்தோபஸ்துக்குக் கூட்டிப்போக ஜீப் வந்து வாசலில் நின்றது. இதோ வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பகல் ஒன்றரை மணிக்குக் கடைசி முறையாக ஓட்டினேன். காமாக்ஷி அம்மாள் டம்ளரோடு வந்தார். ஒரு அடி வைத்து, நின்று, அடுத்த அடி வைத்தார். வீடியோகாரரை ஒதுக்கக் கை எழும்பவே வெகு நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படவில்லை. நிலைப்படிக்குப் போனதும் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. வேகமாக ஓட்டியபோது அந்த அம்மாள் வீடியோகாரரைப் பார்த்ததாகத்தான் நான் நினைத்தேன். இப்போது பார்த்தால் கண் வீடியோகாரரைத் தாண்டிச் சற்று இடப்பக்கம் இருந்தது. அங்கே யார் நின்றது என்று உதவி ஆய்வாளர் அவர்கள் கேட்டார்கள். தாம்பூலப் பை எண்ணிக்கொண்டு தாம்தான் நின்றதாகவும், அப்போது நிமிர்ந்து பார்க்கவில்லை என்றும் சுப்பராமன் சொன்னார். சேட்டு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பின்பு மேற்படி சுப்பராமன் புகாரை வாபஸ் வாங்குவதாக எழுதிக் கொடுத்தார். பதிவேட்டில் ஏறிவிட்ட புகாரை முடிக்க என் வாக்குமூலமும் வேண்டும் என்று சொல்லப்பட்டதால் இதைக் கொடுக்கிறேன். எந்திரம் மெதுவாக ஓடும் நல்ல நிலையில் உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நான் அந்த அம்மாளில் ஒரு நொடியும் எடுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லச் சொன்னார்கள். அந்தக் கடைசி ஓட்டத்தைச் சுப்பராமன் தம் கடிகாரத்திலும் பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்ததும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, தேதி போட்டு, "ரெண்டு நிமிஷம் இருபத்திரண்டு. ரெண்டு செகண்ட் ஜாஸ்தி வரதே" என்றார். இதற்கும் புகாரா என்று உதவி ஆய்வாளர் அவர்கள் பதறிப்போய், தணிக்கையில் குறைவை எழுதுவது போல மிகுதியையும் எழுதியாக வேண்டுமா என்று கேட்டார்கள்.

"எழுதணும்" என்றார் சுப்பராமன். அதன் பின்பு அந்த இரண்டு நொடியைக் காட்டாமல், இரண்டு நிமிடம் இருபது நொடி, சரிபார்க்கப்பட்டது என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டுவிட்டு, நோட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டார்.

மேலே எழுதியதை ஏட்டு அவர்கள் நிறுத்தி நிறுத்தி எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அவ்வளவும் நிஜம் என்று அறிந்தே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஜொவிட்டா
7-7-1998

என் முன்பாக: (ஒப்பம்) ஜவஹர், உதவி ஆய்வாளர்
எழுதியவர்: (ஒப்பம்) குலாம் முகம்மது, ஏட்டு